மழைத் துடைப்பானும் பதினேழு ஆண்டுகளும்

மழைக்காலத்தில் மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி மீது இப்புறமும் அப்புறமும் அசைந்து நீரை வழித்தெறியும் ‘வைப்பர்’ என்னும் கருவியை நாம் அனைவரும் அறிவோம். அது இல்லையேல் அடைமழையில் வண்டியோட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். இத்துணை இன்றியமையாத பொருளுக்குத் தொடக்கத்திலேயே உரிமை பெற்றவர் பெருஞ்செல்வராய் வாழ்ந்திருப்பார் என எண்ணத் தோன்றும். வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1866இல் பிறந்தவர் மேரி ஆண்டர்சன். நியூயார்க் நகருக்கு ஒரு குளிர்காலத்தில் சென்ற அவர், பனிமழையில் வழி தெரியாத டிராம் ஓட்டுநர், முன்கண்ணாடியைத் திறந்துகொண்டு குளிரில் வாடியபடி வண்டி செலுத்துவதைக் கண்டார் என்பர். ஊர் திரும்பியதும் ஒரு கருவியை வகுத்தார். ஓட்டுநர் உள்ளே அமர்ந்தவாறே நெம்புகோலை அசைத்தால், வெளியே ரப்பர் பொருத்திய கை ஒன்று கண்ணாடியைத் துடைக்கும். மழையில்லா நாளில் அதைக் கழற்றியும் வைக்கலாம். 1903 நவம்பர் 10ஆம் நாள் 7,43,801 என்னும் எண்ணுடைய காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

காப்புரிமை என்பது ஓர் உடன்படிக்கை. கண்டுபிடித்தவர் தம் கருவியின் நுட்பத்தை ஒளிக்காது எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை பிறர் அதைச் செய்து விற்காதவாறு அரசு தடுக்கும். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி அது உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். அதன்பின் அந்நுட்பம் பொதுச்சொத்து.

1905இல் மேரி தம் உரிமையைக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்க முனைந்தார். வணிகப் பயன் இல்லை எனக் கூறி அந்நிறுவனம் மறுத்துவிட்டது.

மேரி காப்புரிமை பெற்று ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1904 நவம்பர் 15இல், கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் சவரக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தீட்ட வேண்டாத, தேய்ந்ததும் எறிந்துவிடும் மெல்லிய பிளேடு அவரது கருத்து. 1903இல் 51 கருவிகளே விற்றன. மறு ஆண்டிலோ விற்பனை 90,000ஐத் தாண்டியது.

இருவருக்கும் சட்டம் ஒன்றே; காலமும் ஏறக்குறைய ஒன்றே. விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று? அறிவில் ஏற்றத்தாழ்வு இருந்ததாக நாம் கருதவில்லை. தாடி எவருக்கும் நாள்தோறும் வளர்ந்தது. மோட்டார் வண்டியோ 1903இல் மிகச் சிலரிடமே இருந்தது. ஃபோர்டின் புகழ்பெற்ற ‘டி’ மாதிரி வண்டி வெளிவந்ததே 1908இல்தான். உலகம் மேரியின் கருவியைத் தேடும் வரை சட்டத்தின் கடிகாரம் காத்திருக்கவில்லை. 1920இல் அவரது உரிமை காலாவதியாயிற்று. 1922இல் கேடிலாக் நிறுவனம் தன் வண்டிகள் அனைத்திலும் துடைப்பானைப் பொருத்தத் தொடங்கியது. இடைவெளி இரண்டே ஆண்டுகள்!

1953இல் மேரி மறைந்தார். 2011இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. நுட்பத்தை எழுதி வெளியிட வேண்டும் என்ற அதே விதியினால், அவரது கருவியின் படமும் விளக்கமும் அரசின் ஏட்டில் அழியாது நின்றன. பொருளீட்டித் தராத அந்த ஏடே அவரது உழைப்புக்குச் சான்றாயிற்று. அடுத்த முறை மழையில் அக்கருவி அசையக் காணும்போது, அப்பெண்மணியை நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.