வேலைக் கணக்கும் நாட்டின் மீட்சியும்
அமெரிக்கப் பெருமந்தம் விட்டுச் சென்ற பாடம்

எண்ணைக் கண்ணென்று போற்றுவது தமிழர் மரபு. ஆயினும் கண் தான் நோக்கும் திசையை மட்டுமே காணும். நோக்காத திசையில் நிகழ்வது அதற்குப் புலனாகாது. நாட்டின் புள்ளிவிவரங்களும் அத்தகையனவே. எதனை எண்ணுவது, யாரை எண்ணுவது, எந்நாளில் எண்ணுவது என்னும் மூன்றையும் ஒருவர் முடிவு செய்த பின்னரே எண் பிறக்கிறது. ஒவ்வொரு மாதமும் வெளிவரும் வேலைக் கணக்கைக் கண்டு, நாடு நலம் பெற்றுவிட்டது என்றும் பெறவில்லை என்றும் வாதிடுவோர் இம்மூன்றையும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். இவ்வாதத்தின் பிறப்பிடத்தைக் காண விரும்புவோர் 1929 முதல் 1942 வரையிலான அமெரிக்க வரலாற்றைப் புரட்டுதல் வேண்டும். அவ்வரலாற்றின் அலை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் வரை வந்து மோதியதால், இங்குள்ள தமிழர்க்கும் அது அயலார் கதையன்று.

எண் இல்லாத துன்பம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. கட்டட வேலைகள் நின்றன. நகரங்களில் இலவச உணவுச்சாலைகளின் முன்னே வரிசைகள் நீண்டன. ஆனால், வேலை இழந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் உறுதியான விடை கூற வல்லவர் அந்நாட்டில் எவரும் இலர். உலகிலேயே மிகப் பெரிய தொழில் நாடு, தன் மக்களுள் எத்தனை பேர் வேலையின்றி நிற்கின்றனர் என்பதை அறியாதிருந்தது.

கணக்கே இல்லாமலில்லை. தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 1915ஆம் ஆண்டு முதல் ஆலைகளிடம் மாதந்தோறும் விவரம் கேட்டுப் பெற்று வந்தது. எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் உள்ளனர் என்பதே அவ்விவரம். வேலையில் இருப்போரை எண்ணுவது வேறு. வேலை இல்லாதோரை எண்ணுவது வேறு. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இன்று வகுப்புக்கு வந்த மாணவர் தொகை தெரியும். ஊரில் பள்ளிக்கே வாராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அப்பதிவேடு சொல்லாது. அதனை அறிய வேண்டுமாயின் வீடு வீடாகச் சென்று கேட்டல் வேண்டும். அமெரிக்காவில் அன்று வீட்டுக்குச் சென்று கேட்பார் இல்லை.

அதிபரும் ஆணையரும்

1930 ஜனவரியில் அதிபர் ஹூவர், வேலைவாய்ப்பு மீண்டும் பெருகத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். மத்திய அரசின் வேலைவாய்ப்புச் சேவை அளித்த செய்திகளே அவருக்கு ஆதாரம். அச்செய்தியை நாளிதழில் படித்தவர்களுள் ஒருவர் பிரான்சஸ் பெர்கின்ஸ் அம்மையார். நியூயார்க் மாநிலத்தின் தொழில் ஆணையராக அவரை நியமித்திருந்தவர் அப்போது ஆளுநராய் இருந்த ரூஸ்வெல்ட். நியூயார்க்கோ மாதந்தோறும் தன் ஆலைகளின் வேலைக் கணக்கை ஒழுங்காகத் திரட்டி வந்த மாநிலம். அம்மையார் தம் அலுவலகப் புள்ளிவிவர அறிஞரை அழைத்துக் கணக்கைப் பார்த்தார். நிலைமை சீர்படவில்லை, மோசமாகியே வருகிறது என்று அது காட்டியது. அதிபரின் கூற்று தவறு என்று அவர் வெளிப்படையாக அறிக்கை விட்டார். ஆளுநர் அவரைப் பாராட்டினார்.

மாதக் கணக்கைப் படிப்போர் முதலில் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று ஈண்டு உண்டு. ஆண்டிறுதியில் ஆலைகள் சில நாள் மூடுவதும் புத்தாண்டில் திறப்பதும் வழக்கம். கிறிஸ்துமஸ் நாளையொட்டிக் கடைகள் ஆட்களைச் சேர்ப்பதும் பின்னர் நீக்குவதும் வழக்கம். அறுவடைக் காலத்தில் வயலில் ஆட்கூட்டம் கண்டு, ஊரில் வேலைப் பஞ்சம் தீர்ந்தது என்று உழவர் எவரும் கூறார். ஆகவே ஒரு மாதத்தை அதற்கு முந்திய வாரத்தோடு ஒப்பிட்டு மீட்சி என்பது பொருந்தாது. சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுதலும், பருவத்தால் நேரும் ஏற்றத்தாழ்வை நீக்கிப் பார்த்தலுமே முறை.

ஹூவரைப் பொய்யர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சந்தை சரிந்த சில வாரங்களுக்குள் தொழிலதிபர்களை அழைத்து, கூலியைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவர். மக்கள் நம்பிக்கை இழந்தால் வாங்குவது குறையும், வாங்குவது குறைந்தால் ஆலைகள் மூடும் என்று அவர் கருதினார். அக்கருத்தில் உண்மையும் உண்டு. ஆனால் 1930 மார்ச்சில், வேலையின்மையின் கொடிய பகுதி அறுபது நாட்களுள் கடந்துவிடும் என்று அவர் கூறியதை நிகழ்ச்சிகள் பொய்யாக்கின. நோயாளிக்குத் தெம்பு ஊட்ட விரும்பும் மருத்துவர் இனிய சொல் கூறலாம். வெப்பமானியைத் திருத்தி எழுதலாகாது.

எண்ணியவர்கள் பட்ட பாடு

1930 ஏப்ரலில் நடந்த குடிமதிப்பில் வேலையின்மை பற்றிய கேள்விகளும் சேர்க்கப்பட்டன. வேலை இழந்து வேறு வேலை தேடுவோர் ஒரு வகையாகவும், வேலை உண்டு ஆயினும் ஊதியமின்றித் தற்காலிகமாக நிறுத்தப்பட்டோர் வேறொரு வகையாகவும் பிரிக்கப்பட்டனர். முதல் வகையினர் 24 இலட்சம் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டாம் வகையில் ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேர் இருந்தனர். ஆலை வாயிலில் பூட்டைக் கண்டு திரும்பியவனை எந்த வகையில் சேர்ப்பது? பூட்டு நாளை திறக்கும் என்று அவன் நம்பினால் ஒரு வகை, நம்பிக்கை இழந்தால் மற்றொரு வகை. அவன் வீட்டு அடுப்பிலோ இரு வகைக்கும் வேறுபாடு இல்லை. இக்கணக்குக்குப் பொறுப்பேற்றிருந்த அறிஞர் சார்லஸ் பெர்சன்ஸ், உண்மை நிலை குறைத்துக் காட்டப்படுகிறது என்று குறை கூறிப் பதவி விலகினார். 1931 ஜனவரியில் சில பெருநகரங்களில் மீண்டும் கணக்கெடுத்து மதிப்பிட்டபோது, நாடு முழுவதும் வேலையில்லாதோர் ஏறத்தாழ 60 இலட்சம் என்று தெரிந்தது.

புள்ளிவிவரத் துறையின் தலைவராக 1920 முதல் இருந்தவர் எதல்பர்ட் ஸ்டூவர்ட் என்னும் முதியவர். வேலைவாய்ப்புப் பெருகுகிறது என்று தொழிலமைச்சர் கூறியதைத் தம் துறையின் கணக்கு ஆதரிக்கவில்லை என்று அவர் வெளிப்படுத்தினார். 1932இல் அவர் ஓய்வில் அனுப்பப்பட்டார். இக்கதை அன்றோடு முடியவில்லை. 2025 ஆகஸ்டு முதல் நாள் வெளியான வேலை அறிக்கை, முந்திய இரு மாதங்களின் உயர்வை இரண்டரை இலட்சத்துக்கு மேல் குறைத்துத் திருத்தியது. அன்றே அதிபர் டிரம்ப் அத்துறைத் தலைவர் எரிகா மெக்கென்டார்ஃபரைப் பதவியினின்று நீக்கினார். முதற் கணக்கு விடை அனுப்பிய நிறுவனங்களை மட்டும் கொண்டு செய்யப்படுவது. பிந்தி வரும் விடைகள் சேரும்போது எண் மாறுவது இயல்பு. திருத்தம் என்பது கணக்கின் குற்றமன்று, அதன் ஒழுக்கம்.

ஏறுவது வேறு, ஏறி முடிப்பது வேறு

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் அதிபரானார். பெர்கின்ஸ் அம்மையார் தொழிலமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. அவ்வாண்டில் வேலையின்மை உச்சத்தில் இருந்தது. பொருளியல் வரலாற்றாசிரியர் ஸ்டான்லி லெபர்காட் பிற்காலத்தில் செய்த மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் பேர், அதாவது உழைப்போருள் நூற்றுக்கு 25 பேர் வேலையற்றிருந்தனர். 1937இல் இது நூற்றுக்கு 14 அளவுக்கு இறங்கியது. நான்காண்டில் இத்தனை இறக்கம் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மந்தத்துக்கு முன், 1929இல், அது நூற்றுக்கு 3 அளவிலேயே இருந்தது. அறுபதடிக் கிணற்றில் விழுந்தவன் முப்பதடி ஏறிவிட்டான் என்பதே இதன் பொருள். அவன் ஏறுகிறான் என்போரும் சரி. இன்னும் கிணற்றுக்குள் இருக்கிறான் என்போரும் சரி.

உற்பத்தியைப் பார்த்தோர் வேறு முடிவுக்கு வந்தனர். 1937இல் நாட்டின் மொத்த உற்பத்தி 1929ஆம் ஆண்டின் அளவை எட்டிவிட்டது. அவ்வாறாயின் வேலை மட்டும் ஏன் மீளவில்லை? இடைப்பட்ட எட்டாண்டில் உழைக்க வந்தோர் தொகை ஏறத்தாழ 50 இலட்சம் பெருகியிருந்தது. குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதலாக உற்பத்தி செய்யும் வழியையும் ஆலைகள் கற்றிருந்தன. மக்கள் பெருகும் நாட்டில் பழைய அளவை எட்டுவது மட்டும் மீட்சியாகாது.

எனினும் மீட்சி வந்துவிட்டது என்ற எண்ணமே அரசாங்கத்தில் மேலோங்கியது. வரவு செலவைச் சரிக்கட்டும் பொருட்டுச் செலவு குறைக்கப்பட்டது. 1937 தொடக்கத்திலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்பட்டது. மத்திய வங்கி, 1936 ஆகஸ்டு முதல் 1937 மே வரையில், வங்கிகள் இருப்பில் வைக்க வேண்டிய தொகையை இருமடங்காக்கியது. 1937 நடுவில் பொருளாதாரம் மீண்டும் சரிந்தது. ஓராண்டில் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவு வீழ்ந்தது. 1938இல் வேலையின்மை நூற்றுக்கு 19 ஆயிற்று. குறிப்பேட்டில் நலம் கண்டு மருந்தை நிறுத்திய வீட்டில் காய்ச்சல் திரும்பிய கதை இது.

வீட்டு வாயிலில் கேட்ட கேள்வி

உண்மை எண்ணை அறிய வேண்டும் என்ற வேட்கை அப்போது மீண்டும் எழுந்தது. 1937 நவம்பரில் அஞ்சற்காரர்கள் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் அட்டைகள் கொண்டு சென்றனர். வேலையில்லாதோர் தாமே நிரப்பி அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அனுப்பினர். அதே வேளையில் மோரிஸ் ஹான்சன் முதலிய புள்ளிவிவர அறிஞர்கள் வேறொரு சோதனை நடத்தினர். அஞ்சல் வழிகளுள் நூற்றுக்கு இரண்டை மட்டும் தேர்ந்து, அங்குள்ள வீடுகள் அனைத்துக்கும் சென்று கேட்டனர். அக்கணக்கின்படி வேலையில்லாதோர் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம். எல்லாரும் தாமாகச் சொல்லட்டும் என்று காத்திருந்த பெருங்கணக்கைக் காட்டிலும், சிலரிடம் முறையாகச் சென்று கேட்ட சிறுகணக்கு உண்மைக்கு அருகே நின்றது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால் அந்த ஒரு சோற்றை விருப்பம்போல் மேலாக எடுக்காமல், பானையைக் கிளறி எடுத்தல் வேண்டும் என்பதே மாதிரிக் கணக்கின் நுட்பம்.

இச்சோதனையின் பயனாக 1940 முதல் மாதந்தோறும் வீடுகளில் மாதிரிக் கணக்கெடுக்கும் முறை அமெரிக்காவில் நிலைபெற்றது. 1942இல் அது குடிமதிப்புத் துறையிடம் சேர்ந்தது. இன்று மாதந்தோறும் வெளிவரும் வேலையின்மை விழுக்காடு இவ்வழி வந்ததே. கேள்வி எளியது: குறிப்பிட்ட வாரத்தில் வேலை செய்தீர்களா? இல்லையெனில் வேலை தேடினீர்களா? ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் இக்கணக்கில் வேலையுள்ளவரே. தேடித் தேடிச் சலித்து, தேடுவதையே விட்டவர் வேலையில்லாதோருள் சேரார். உழைப்போர் தொகையினின்றே நீங்கிவிடுவார். ஆகவே மக்கள் மனமுடைந்து தேடலைக் கைவிடும் மாதத்திலும் வேலையின்மை குறைந்ததாக எண் காட்டக்கூடும்.

எந்த வகையில் எவரைச் சேர்ப்பது என்பதில் அறிஞரிடையேயும் வேறுபாடு உண்டு. மந்த காலத்தில் அரசாங்க உதவித் திட்டங்களில் சாலை போட்டவரையும் பள்ளி கட்டியவரையும் லெபர்காட் வேலையற்றோருள் சேர்த்தார். மைக்கேல் டார்பி 1976இல் அவர்களை வேலையுள்ளோராகக் கொண்டு கணக்கிட்டபோது, 1937ஆம் ஆண்டின் எண் நூற்றுக்கு 14லிருந்து 9 அளவுக்கு இறங்கியது. ஒரே ஆண்டு, ஒரே மக்கள். வகைப்பாடு ஒன்றே மாறியது.

மலாயாவில் மறைந்த எண்

அமெரிக்க ஆலைகள் 1929இல் 53 இலட்சம் மோட்டார் வண்டிகளைச் செய்தன. 1932இல் செய்தவை 13 இலட்சம் மட்டுமே. வண்டி குறைந்தால் சக்கரம் குறையும். சக்கரம் குறைந்தால் பால்மரத்துக்கு மதிப்பேது? நியூயார்க் சந்தையில் 1929இல் ஒரு ராத்தல் 20 அமெரிக்கக் காசு அளவில் விற்ற இரப்பர், 1932இல் சராசரி 4 காசுக்கும் கீழே விழுந்தது. மலாயாவில் ஆடவர்க்கு நாட்கூலி 50 காசாக இருந்த வட்டாரங்களில் அது 40 காசாகி, பின்னர் அதற்கும் கீழே சென்றது. தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின.

அவ்வாறு நிறுத்தப்பட்ட தமிழர்கள் எந்தக் கணக்கில் எழுதப்பட்டனர்? பெரும்பாலோர் வேலையில்லாதோர் கணக்கில் நிற்கவே இல்லை. 1930இல் தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை மூன்றாண்டுகளில் தொழிலாளரும் குடும்பத்தினருமாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். மலாயாவில் அவர்கள் வேலையற்றோர் அல்லர், நாடு திரும்பியோர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கியபின் ஊர் சென்று உறவினர் வீட்டில் ஒண்டியபோது அவர்களை எண்ணுவார் இல்லை. ஒரு நாட்டின் வேலையின்மை மற்றொரு நாட்டின் கிராமத்துத் திண்ணைக்கு மாற்றப்பட்டது. இரு நாட்டுக் கணக்கிலும் அதற்கு வரி இல்லை.

1934இல் அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்பாடு வந்தது, விலை ஏறியது, ஆள் சேர்ப்பும் மீண்டும் தொடங்கியது. மலாயா மீண்டது என்று ஏட்டில் எழுதலாம். ஆனால் கூலி பழைய 50 காசை எட்ட 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்கா மீண்டும் சரிந்ததும் இரப்பர் விலையும் சரிந்தது. 1938இல் கூலியும் மறுபடி குறைக்கப்பட்டது. அதனை ஏற்காத இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. வாஷிங்டனில் மீட்சியைத் தவறாகக் கணித்ததன் விலையில் ஒரு பகுதியைக் கிள்ளானிலும் ஈப்போவிலும் பால் வெட்டியவர்கள் செலுத்தினர்.

ஆகவே மாதக் கணக்கு பயனற்றது என்று கொள்வது பெரும் பிழை. எண் இல்லாத காலத்தில் ஆட்சியாளரின் வாய்ச்சொல்லே கணக்காயிருந்ததை 1930ஆம் ஆண்டு காட்டுகிறது. பெர்கின்ஸ் அம்மையாரிடம் நியூயார்க்கின் கணக்கேடு இல்லாதிருந்தால் அதிபருக்கு மறுமொழி கூற அவரிடம் ஆதாரம் இருந்திராது. வேண்டுவது எண்ணை வெறுத்தலன்று, எண்ணை வினவுதல். எந்த மாதத்தோடு ஒப்பிடப்பட்டது? பள்ளத்திலிருந்து அளந்தார்களா, பழைய மேட்டிலிருந்து அளந்தார்களா? வேலை என்பது முழு வேலையா, ஒரு மணி வேலையா? கூலி பழைய நிலையை எட்டியதா? குறைந்த தொகை வேலை பெற்றோரால் குறைந்ததா, கணக்கைவிட்டு அகன்றோரால் குறைந்ததா? இறுதிக் கேள்வியே தலையாயது. 1932இல் கப்பல் தளத்தில் மூட்டையோடு நின்ற தொழிலாளியை எந்தப் பட்டியலும் வேலையற்றவன் என்று எழுதவில்லை. அவன் மீண்டும் தன் மரத்தடிக்கு வந்து, பழைய கூலியைக் கையில் வாங்கிய நாளே அவனளவில் மீட்சி நாள். அந்நாள் பலருக்கு வரவேயில்லை.