படம் எடுத்தால் ஆடுகளுக்கு என்ன நன்மை?

1966 கோடைக்காலம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நவஹோ பழங்குடியினர் வாழும் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். சோல் வொர்த், ஜான் அடேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். ஊர்க்காரர்களுக்கே கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே படமாக எடுக்கவைப்பது திட்டம்.

ஊர்ப் பெரியவரும் வைத்தியருமான சாம் யாஸியிடம் அனுமதி கேட்டார்கள். படம் எடுத்தால் ஆடுகளுக்குக் கெடுதல் வருமா என்றார் அவர். வராது என்றார்கள். நன்மை உண்டா? அதுவும் இல்லை. அப்படியானால் எதற்குப் படம் என்று கேட்டாராம்.

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை நண்பர்களே. 1930களில் மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று சொல்லி, அமெரிக்க அரசு நவஹோ மக்களின் ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தது. ஏராளமான ஆடுகள் கொல்லப்பட்டன. அவர்களுக்குச் சொத்து, சோறு, துணி எல்லாமே ஆடுதான். வெளியூர்க்காரர் கொண்டுவரும் திட்டம் எதுவானாலும் அந்தப் பெரியவர் வேறு எதைக் கேட்டிருப்பார்?

ஆனாலும் வகுப்பு நடந்தது. முதலில் ஆறு பேர். கேமராவில் பிலிம் போடுவது, வெளிச்சம் பார்ப்பது, வெட்டி ஒட்டுவது, இவ்வளவுதான் பாடம். எதை எடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும்!

சூஸி பெனலி என்ற பெண், தன் தாய் கம்பளம் நெய்வதை எடுத்தார். நாமாக இருந்தால் தறியில்தான் தொடங்குவோம். அவர் படத்தில் தறி வேலை வருவதற்கு நெடுநேரம் ஆகிறது. ஆட்டு ரோமம் கத்தரிப்பது, அதை அலச வேர் தோண்டுவது, நூற்பது, சாயத்துக்குச் செடி தேடி நடப்பது. நடை, நடை, ஒரே நடை. வெள்ளிக் கொல்லரைப் பற்றி ஜானி நெல்சன் எடுத்த படத்திலும் இதே நடைதான். பொருளைத் தேடிப் போவதும் தொழிலில் சேர்த்திதான் என்பது அவர்கள் கணக்கு.

படங்கள் மௌனப் படங்கள். அவற்றுக்கு விளக்கம் சொல்லி 1972இல் வந்த புத்தகமோ ஆய்வாளர்கள் எழுதியது. எனக்கு இது குறையாகத்தான் படுகிறது. 2002இல் இந்தப் படங்கள் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

ஏழாவதாக ஒருவரும் படம் எடுத்தார். சூஸியின் தாய் அல்ட்டா கான். ஆங்கிலம் தெரியாதவர். கேமராவை மகளிடமே கற்றுக்கொண்டு, மகள் நெய்வதைத் தாய் எடுத்தார்.