சித்தம்பூண்டிக் கல்லும் சந்திரன் பிறந்த வழக்கும்

பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டி, ஈரோடு வழியாகத் திருச்செங்கோடு போய்வரும் நம்மவர்கள் பலர், அதற்கு அப்பால் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் சித்தம்பூண்டியை அறிந்திருக்கமாட்டார்கள். முன்பு குருந்தக்கல்லுக்குப் பேர்போன பூமி அது. அங்கே கிடக்கும் வெளிறிய பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். ஏ. பி. சுப்பிரமணியம் 1956-இல் அதை ஆராய்ந்து விரிவாக எழுதினார். அப்போது ஸ்புட்னிக்கூடப் பறக்கவில்லை.

சந்திரன் பிறந்த வழக்கோ அதற்கும் பழையது. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின், வேகமாகச் சுழன்ற பூமியிலிருந்து பிய்ந்து போனதே சந்திரன் என்று 1879 வாக்கில் சொன்னார். வேறெங்கோ பிறந்து பூமியிடம் சிக்கியது என்றார்கள் சிலர். இரட்டைப் பிள்ளையாகக் கூடவே பிறந்தது என்றார்கள் வேறு சிலர். 1975-இல் ஹார்ட்மனும் டேவிஸும், பெரிய கோள் ஒன்று பூமியில் மோதித் தெறித்தது திரண்டே சந்திரனாயிற்று என்றார்கள். இன்று பெரும்பாலோர் இந்தக் கட்சிதான்.

இங்கேதான் கல் சாட்சிக்கு வருகிறது. 1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. பார்த்தால், அனார்த்தோசைட்! சந்திரன் ஆதியில் உருகிய பாறைக் கடலாக இருந்தது, பாலில் ஆடை மிதக்கிற மாதிரி கனம் குறைந்த தாது மேலே மிதந்து உறைந்தது என்று அறிஞர்கள் ஊகித்தார்கள். அவ்வளவும் உருகுவதற்கு வேண்டிய சூட்டுக்குப் பெரும் மோதல் நல்ல காரணமாக அமைகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் வண்டி, சந்திரனின் தெற்கே 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. 2024-இல் வெளியான முடிவும் பாறைக் கடலுக்கே சாதகம்.

சந்திரயான்-2 வண்டியை ஓட்டிப் பார்க்க, இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற சரக்கு சுமார் 60 டன் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாங்கினால் கிலோ 150 டாலர் என்றார்கள். நம்ம வியாபாரக் கணக்கில் 90 லட்சம் டாலர்! சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் உதவியுடன் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை இடித்துப் பொடியாக்கிக் கொண்டுபோனார்கள். செய்முறைக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் ‘நிலாவே எங்க ஊர்க் கல்தான்’ என்று சிலர் பேசுவதை நான் ஒப்புவதில்லை. சந்திரனுக்கு வயது சுமார் 450 கோடி வருஷம். சித்தம்பூண்டிப் பாறைக்குச் சுமார் 250 கோடி. சாதி ஒன்று, பிறந்த விதம் வேறு. மோதல் கட்சிக்கும் ஒரு சிக்கல் உண்டு. கணக்குப்படி சந்திரனில் மோதிய கோளின் சரக்குத்தான் அதிகம் இருக்கவேண்டும். ஆனால் ஆக்சிஜனை நிறுத்துப் பார்த்தால் பூமியும் சந்திரனும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருக்கின்றன. மோதலில் இரண்டும் ஆவியாகிக் கலந்தபின்தான் சந்திரன் திரண்டது என்று 2018-இல் ஒரு புதுக் கணக்குச் சொன்னார்கள். அதற்கும் மறுப்பு இருக்கிறது.