ஸ்கூட் (ரம்மி)

ஸ்கூட் என்பது 13 சீட்டு ரம்மியில், கைச்சீட்டு சேராது எனக் கருதும் ஆட்டக்காரர் குறிப்பிட்ட புள்ளிகளை ஏற்று அந்த ஆட்டத்திலிருந்து விலகுவதாகும்.

வகைகள்: முதல் சீட்டை எடுக்குமுன் விலகுவது ஸ்கூட், இதற்குப் பொதுவாக 20 புள்ளிகள். எடுத்தபின் விலகுவது மிடில் ஸ்கூட், 40 புள்ளிகள். கடைசிவரை ஆடித் தோற்பவருக்கு உச்ச அளவு 80 (ஃபுல்).

தீர்மானிக்கும் கூறுகள்: ஜோக்கர் சேராத வரிசை ஒன்று கட்டாயம் என்பதால் அதற்கான வாய்ப்பே முதலில் கணிக்கப்படும். இரண்டு கட்டு ஆட்டத்தில், ஆட்டின் (இதயம்) இனத்தின் 6, 7 வைத்திருப்பவருக்கு 5 அல்லது 8 என 4 சீட்டுகள் உதவும்; 6, 8 வைத்திருப்பவருக்கு 7 மட்டுமே, அதாவது 2 சீட்டுகள். பிறர் கழித்த சீட்டுகள் இவ்வெண்ணிக்கையைக் குறைக்கும். ஜோக்கர் இல்லாமையும், தலா 10 புள்ளி மதிப்புள்ள ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி மிகுந்திருப்பதும் விலகக் காரணங்கள். 

சட்டநிலை: ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணைய ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டியலை நீக்கியது. 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது.