பறவைக்கும் காமிராவுக்கும் இடையே

1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் வயல்வெளி ஒன்றில் ஓர் எருது நின்றது. அது மேயவில்லை, வாலை வீசி ஈ ஓட்டவும் இல்லை. பதனிட்ட தோலைச் சட்டத்தின்மீது போர்த்தி அமைத்த பொய் எருது அது. அதன் வயிற்றுக்குள் ஒரு மனிதர் காமிராவுடன் மணிக்கணக்காகக் குனிந்து நின்று, தோலில் இட்ட துளை வழியே ஒரு பறவையின் வருகைக்காகக் காத்திருந்தார். ஒருமுறை உள்ளிருந்தவர் மயங்கிச் சாயவே, எருது நான்கு கால்களையும் வானுக்குத் தூக்கியபடி கவிழ்ந்தது என்பர்.

இந்த எருதுக்கு உரியவர்கள் யார்க்சயர் மேட்டுநிலத்தில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறப்புகள். 1892இல் ஒரு பறவைக் கூட்டையும் முட்டைகளையும் படம் பிடித்ததில் தொடங்கியது அவர்களது பணி. 1895இல் அவர்கள் வெளியிட்ட பிரிட்டிஷ் பறவைக் கூடுகள் பற்றிய நூல், முழுவதும் நிழற்படங்களையே கொண்டு வெளிவந்த முதல் இயற்கை நூலாகப் போற்றப்படுகிறது. பறவையை நெருங்காமல் அதன் உருவைப் பெற அவர்களுக்கு வழியில்லை. ஆகவே, எருதாகவும் ஆடாகவும் வேடமிட்டு நெருங்கினார்கள்.

வியப்பு என்னவெனில், தொலைவிலிருந்தே படம் பிடிக்கும் வில்லை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் டால்மெயரும், ஜெர்மனியில் அடோல்ஃப் ஸ்டைன்ஹைலும் அடோல்ஃப் மீத்தேயும் ஒருவரையொருவர் சாராமல் டெலிபோட்டோ வில்லையை வடிவமைத்தனர். அதன் தத்துவம் எளியது. முன்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை. பின்னால் அக்குவிதலைச் சற்று விரிக்கும் வில்லை. இரண்டும் சேர்ந்தால், குழல் குட்டையாக இருக்கும்போதே உருவம் பெரிதாக விழும். குவிவில்லையையும் குழிவில்லையையும் இவ்வாறு இணைத்தால் என்ன ஆகும் என்பதை வானியலறிஞர் கெப்ளர் 1611லேயே எழுதி வைத்திருந்தார். நிழற்படக் கலை அதைக் கையிலெடுக்க ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆயின.

பிறந்தும் அது இயற்கை ஆர்வலர்களுக்கு உடனே பயன்படவில்லை. உருவம் பெரிதாகும் அளவுக்கு ஒளி மங்கியது. அன்றைய கண்ணாடித் தகடுகளோ மெதுவாகவே ஒளியை ஏற்றன. பறவை அசைந்தால் படம் கலங்கிற்று. எனவே ஒளியையே கையோடு கொண்டு செல்லும் வழியைச் சிலர் நாடினர். ஜெர்மானியரான ஷில்லிங்ஸ், கிழக்கு ஆப்பிரிக்காவில் வெடிப்பொடி வெளிச்சத்தில் இரவு விலங்குகளைப் படம்பிடித்து 1905இல் நூலாக்கினார். அமெரிக்கரான ஜார்ஜ் ஷிராஸ் படகிலிருந்து எடுத்த இரவுப் படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் வெளியிட்டது. படங்கள் புகழ் பெற்றன. திடீரென நள்ளிரவில் கண்ணெதிரே தீப்பிழம்பைக் கண்ட மானின் நிலையை அந்நாளில் எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

நெருங்குதலுக்குரிய விலையை மனிதரும் கொடுத்ததுண்டு. 1937இல் வேல்ஸ் நாட்டில் ஆந்தைக் கூட்டுக்கு எதிரே அமைத்த மறைவிடத்துக்கு இருளில் ஏறிய எரிக் ஹாஸ்கிங்கை, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியது. இளைஞரான அவர் இடக்கண்ணை இழந்தார். பின்னரும் பல்லாண்டுகள் பறவைகளையே படம் பிடித்து, 1970இல் எழுதிய தன்வரலாற்றுக்குப் 'பறவைக்கு ஒரு கண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இவ்வரலாறு மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. கோலாலம்பூரில் 1915இல் பிறந்து, சிங்கப்பூரின் கேத்தே திரைப்பட நிறுவனத்தை வளர்த்த லோக் வான் தோ, பறவைகளின்பால் தீராத காதல் கொண்டவர். போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது பறவையியல் மேதை சாலிம் அலியின் நட்பும் பயிற்சியும் அவருக்கு வாய்த்தன. 1957இல் அவர் வெளியிட்ட பறவை நூல் இன்றும் ஆர்வலர்களால் தேடப்படுகிறது. திரைத்தொழிலின் செல்வர் ஒருவர் மறைவிடத்தின் புழுக்கத்தில் கொசுக்கடியைத் தாங்கி உட்கார்ந்திருந்த காட்சி, இந்நாட்டு இளைஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

தமிழகத்தில் மா. கிருஷ்ணன் வேறொரு வழியைக் கண்டார். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மைந்தரான அவர், காட்டு யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் பிடித்தார். அவருக்கு வாய்த்த கருவி கடையில் விற்றதன்று. ஒரு நிறுவனத்தின் உடல், மற்றொன்றின் வில்லை, தாமே பொருத்திய உறுப்புகள் என ஒட்டுப்போட்டு உருவாக்கிய அந்தப் பளுவான காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பளு என்பது தொலைவுக்குக் கொடுக்கும் விலை என்பதை அப்பெயரே சொல்லும்.

இவர்கள் அனைவரும் கையாண்டவை பெரும்பாலும் குவியத் தூரம் மாறாத வில்லைகள். விலங்கு அருகில் வந்தால் படத்துக்குள் அடங்காது, விலகினால் புள்ளியாகிவிடும். குவியத் தூரத்தை விருப்பம்போல் மாற்றும் ஜூம் வில்லை இக்குறையைத் தீர்க்கும் என்பது பழைய கனவு. 1902லேயே ஒருவர் அதற்கு உரிமம் பெற்றார். 1932இல் திரைப்படக் காமிராவுக்கென 40 முதல் 120 மில்லிமீட்டர் வரை மாறும் வில்லை வந்தது. ஆனால் கண்ணாடிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி சிதறி வீணாயிற்று. இருபது பரப்புகளைக் கடந்த பின் எஞ்சுவது பாதிக்கும் குறைவே. 1935இல் ஸ்மாக்குலா என்னும் அறிஞர் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் கண்ட மெல்லிய பூச்சு இச்சிதறலைக் குறைத்தது. அந்தப் பூச்சு பரவியிராவிடில் ஜூம் வில்லை திரைப்படக்காரரின் விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கும்.

1959 இக்கலையின் திருப்புமுனை ஆண்டு. ஃபிராங்க் பேக் வடிவமைத்த 36 முதல் 82 மில்லிமீட்டர் வரையிலான ஃபோய்க்லாண்டர் ஜூமார், 35 மில்லிமீட்டர் நிழற்படக் காமிராவுக்கு வந்த முதல் ஜூம் வில்லையாயிற்று. அதே ஆண்டில் நிக்கான் நிறுவனம் 85 முதல் 250 வரை எட்டும் தொலைவில்லையை அளித்தது. ஆயினும் பறவை நிழற்படக்காரர்கள் முகம் சுளித்தனர். கூர்மை போதாது, பளு மிகுதி என்பது அவர்களது குறை. அன்று அது நியாயமான குறையே. கணிப்பொறி கொண்டு வில்லைகளைக் கணக்கிடும் முறை வளர்ந்த பின்னரே 80 முதல் 200 வரையிலான வில்லைகள் நம்பிக்கையைப் பெற்றன.

ஒளிப்பஞ்சம் மட்டும் நீங்கவில்லை. 1970களில் புகழ்பெற்றிருந்த கோடாக்குரோம் 64 என்னும் படச்சுருளை வைத்துக்கொண்டு தாமான் நெகாராவின் அடிமரங்களுக்கிடையே பறவை தேடியவரின் துன்பத்தைச் சொல்லி முடியாது. மழைக்காட்டின் தரையை வந்தடைவது உச்சியில் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. இந்நிலையை மாற்றியவை இரண்டு. 1995இல் கேனான் நிறுவனம், கைநடுக்கத்தைத் தானே ஈடுசெய்யும் அமைப்பைக் கழற்றி மாட்டும் ஜூம் வில்லை ஒன்றில் முதன்முதலாகச் சேர்த்தது. அதன்பின் வந்த எண்முறைக் காமிராக்கள் 3200 என்னும் உணர்திறனைச் சாதாரணமாக்கின. அது பழைய 64இன் ஐம்பது மடங்கு. அதனால்தான் 2013இன் இறுதியில் 150 முதல் 600 வரை எட்டும், ஒளி குறைந்த, ஆனால் மலிவான வில்லையை டாம்ரான் நிறுவனம் வெளியிட்டபோது உலகெங்கும் வரவேற்பு கிட்டியது. படச்சுருள் காலத்தில் அதை எவரும் தொட்டிருக்கமாட்டார்.

இன்று ஒரே ஒரு வில்லை வாங்கக்கூடியவர் எதைத் தேர்வது? கணக்கு ஒன்றைக் கவனிக்கலாம். 36 மில்லிமீட்டர் அகல உணர்பரப்பில், 400 மில்லிமீட்டர் வில்லை பத்து மீட்டர் தொலைவில் 90 சென்டிமீட்டர் அகலக் காட்சியைத் தரும். 28 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்மார்பு மீன்கொத்தி அதில் மூன்றிலொரு பங்கை நிரப்பும். அதுவே போதுமானது. அறுபது மீட்டர் உயரக் கிளையில் அமர்ந்த பெரும் இருவாட்சிக்கோ 600 தேவைப்படும். அதே 600ஐத் துளையெண் 4இல் வேண்டினால் முன்கண்ணாடி 150 மில்லிமீட்டர் அகலமாக வேண்டும். விலை ஒரு காரின் விலையை நெருங்கும். முக்காலியின்றி நாள் முழுதும் தூக்கித் திரிவதும் கடினம். துளையெண் 6.3 என்றால் 95 மில்லிமீட்டர் போதும்.

நீண்ட வில்லையே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நீர்நாய்க் குடும்பம் காலடிக்கே வந்துவிடும்போது 600 மட்டும் உள்ளவர் கைபிசைந்து நிற்பார். ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி ஈரமணலில் அமர்கையில் அருகிலேயே குவியும் திறன் வேண்டும். 2014இல் வந்த கேனான் 100-400 வில்லை ஒரு மீட்டருக்கும் குறைந்த தொலைவில் குவியும்; டாம்ரானின் அந்த 150-600க்கோ 2.7 மீட்டர் வேண்டும். நடந்து திரிபவருக்கு, பளுவையும் கருதினால், 100 முதல் 400 வரையிலான வகையே ஏற்றது. நீர்நிலை ஓரத்தில் முக்காலியிட்டு அமர்பவருக்கு 600 வரை எட்டுவது நன்று.

நம் தட்பவெப்பத்தில் மற்றோர் எதிரியும் உண்டு. அது பூசணம். ஈரக்காற்று நுழைந்த வில்லையை அலமாரியில் மூடிவைத்தால் சில மாதங்களில் கண்ணாடியில் சிலந்திவலைபோல் படரும். உலர்பெட்டி வாங்கும் செலவையும் வில்லையின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும். இதை மறந்து பெருஞ்செலவில் வாங்கிய வில்லைகளை ஓரிரு மழைக்காலங்களில் இழந்தவர்கள் பலர்.

தேர்வில் கடைசியாக நிற்பது பறவையின் பக்கம். கூட்டை நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். வெயிலோ காகமோ முட்டைகளை முடித்துவிடும். படத்துக்கு மறைக்கிறதென்று கிளையொன்றை ஒடித்தாலும் முடிவு அதுவே. கியர்ட்டன் உடன்பிறப்புகளுக்கு எருதின் வயிற்றைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கையில் 600 மில்லிமீட்டர் இருந்தும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டும், இரை வைத்தும் பறவையைப் பத்தடி தொலைவுக்கு இழுப்பவர்களைப் பிரேசர் மலையிலும் சுங்கை பூலோவிலும் காணமுடிகிறது. அவர்கள் நாள் முழுதும் தோளில் சுமந்த இரண்டு கிலோவும் அந்நேரம் வீண்சுமைதான்.