கொல்லிமலைப் போர்: அமைதியைக் குலைத்தது எந்த நாடு?

உலக அமைதிக்கு எந்த நாடுகளால் ஆபத்து என்று கேட்டால், இன்று நாம் வல்லரசுகளின் பெயர்களையே சொல்கிறோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் "நாடு" என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. பைல் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என மலை ஊர்களின் தொகுதிகளே அங்கு நாடுகள் எனப்படுகின்றன. இம்மலைக்காகச் சங்க காலத்தில் நடந்த போர், மேற்கண்ட கேள்விக்குப் பழைய சான்றாக உள்ளது.

ஓரியின் மலை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டான். வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் புறநானூற்றில் பாடியுள்ளனர். பலா மரங்கள் நிறைந்த வளமான இம்மலை, சேர நாட்டுக்கும் தகடூருக்கும் (இன்றைய தருமபுரி) இடையில் இருந்தது. அந்த வளமும் இருப்பிடமுமே அதற்கு ஆபத்தாயின.

போரின் தொடர்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை (திருக்கோவலூர்) வென்றான். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தியை அகநானூறு கூறுகிறது. இழந்த ஊரை மீட்கச் சேரனின் துணையை நாடியே காரி இவ்வாறு செய்தான் என வரலாற்றாசிரியர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைக்கின்றனர்.

போர் அத்துடன் நிற்கவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அவனுடன் நின்ற இருபெரு வேந்தரையும் வென்று, பின்னர்த் தகடூரை அழித்தான் எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் தெரிவிக்கிறது. ஒரு சிறு மலைக்கான போரில் மூவேந்தரும் களம் இறங்கிவிட்டனர்.

யார் காரணம்?

சேரன் பேரரசன். ஆனால் ஓரியைக் கொன்றவன் அவன் அல்லன். ஓரியைப் போன்ற இன்னொரு குறுநில மன்னனே. முதலில் கோவலூரைத் தாக்கியவனோ, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிய அதே அதியமான். ஆகவே இப்போரில் குற்றத்தை ஒரே நாட்டின்மீது சுமத்த முடியாது. பெரிய அரசின் ஆசையும், சிறிய அரசுகளின் பகையும், ஒருவர்க்கு ஒருவர் துணை நின்ற கூட்டணிகளும் சேர்ந்தே போரைப் பெருக்கின.

1914இல் ஐரோப்பாவிலும் இதே நிலைதான். பெல்ஜியத்தின் நடுநிலையை 1839 உடன்படிக்கையில் வல்லரசுகள் உறுதி செய்திருந்தன. ஆயினும் பிரான்சைத் தாக்க வழி தேடிய ஜெர்மனி, 1914 ஆகஸ்ட் 4 அன்று பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றே பிரிட்டனும் போரில் இறங்கியது.

எனவே, "எந்த நாடு ஆபத்தானது?" என்று கேட்பதோடு, "எந்தச் சிறிய நாடு இரு வலிய நாடுகளுக்கு இடையில் உள்ளது? அதைக் காக்க யார் இருக்கிறார்கள்?" என்றும் மாணவர்கள் கேட்க வேண்டும்.

நினைவு

கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடைபெறுகிறது. மலையை வென்ற சேரனுக்கு அல்ல, அதை இழந்து மடிந்த ஓரிக்கே அம்மலை மக்கள் விழா எடுக்கின்றனர்.