‘சாப்டியா கண்ணு?’வுக்கு அப்புறம் என்ன பேசுறது? தாத்தா, ஆச்சியோட வீடியோ கால் கலகலப்பாக சில வழிகள்!

இரவு 8 மணி. முத்தையாபுரத்தில் ஒரு வீடு. ஆச்சி போனை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். துபாயில் இருக்கும் பேத்திக்குத் தெரிவதோ ஆச்சியின் நெற்றியும், மேலே சுற்றும் ஃபேனும்தான். ‘சாப்டியா கண்ணு?’, ‘ம்’. ‘ஸ்கூலுக்குப் போனியா?’, ‘ம்’. ரெண்டே நிமிஷத்தில் பேத்தி விளையாட ஓடிவிடுகிறாள். ‘சரிம்மா, வச்சுடுதேன்’ என்று ஆச்சியும் காலை கட் செய்துவிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? 2016-ல் ஜியோவும் வாட்ஸ்அப் வீடியோ காலும் அடுத்தடுத்து வந்தபோது, இனி தூரம் ஒரு பிரச்னையே இல்லை என்று நினைத்தோம். முகம் தெரிகிறது, பேச்சுதான் ஓட மாட்டேங்குது. தப்பு ஆச்சி மேலும் இல்லை, பேத்தி மேலும் இல்லை. நடுவில் போனைப் பிடித்திருப்பவர் நீங்கள்தானே? குழந்தையின் அப்பா, அம்மாவோ, வளர்ந்த பேரன், பேத்தியோ யாராக இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

சின்னக் குழந்தைக்கு ஸ்கிரீன் காட்டலாமா?

18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்கிரீனே வேண்டாம் என்று 2016-ல் பரிந்துரைத்த அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. காரணம், அதில் இருக்கும் பதில் பேச்சு. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், நேரிலும் வீடியோ காலிலும் சொல்லிக்கொடுத்த புதிய வார்த்தைகளைக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. பதிவு செய்த வீடியோவைப் பார்த்தபோது கற்கவில்லை. அதாவது, ஆச்சி பேசுவதும், குழந்தை சிரிப்பதும், அதற்கு ஆச்சி உடனே திருப்பிச் சிரிப்பதும்தான் உறவை வளர்க்கிறது.

முதல்ல போனைக் கீழே வைங்க!

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு போன் ஸ்டாண்டு வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாலும் போதும். போன், கண் உயரத்தில் இருக்கட்டும். ஜன்னலும் டியூப் லைட்டும் தாத்தாவின் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத்தான் தெரியும்.

வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் காதில் மங்கும். குழந்தையின் குரல் ஆச்சிக்குப் பிடிபடாததற்கு இதுவும் காரணம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால், பேத்தியின் வாட்ஸ்அப் சாட்டை முகப்புத் திரையில் ஷார்ட்கட்டாகப் போட்டுவிடுங்கள். படத்தைத் தொட்டாலே சாட் திறந்துவிடும்.

அமீரகத்தில் வாட்ஸ்அப் வீடியோ கால் பொதுவாக வேலை செய்யாது. அங்கே அனுமதியுள்ள போட்டிம் போன்ற ஆப்பை ரெண்டு பக்கமும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எத்தனை மணிக்கு?

முத்தையாபுரத்தில் இரவு 8 மணி என்றால் துபாயில் மாலை 6.30. சிங்கப்பூரில் இரவு 10.30 ஆகிவிடும், குழந்தை தூங்கியிருக்கும். டொரன்டோவுக்கு நம்ம ஊர் காலை 6 மணிதான் வசதி. அங்கே முந்தைய நாள் இரவு 7.30, கோடையில் 8.30. தாத்தாவும் அப்போது எழுந்து காபி குடித்திருப்பார். ‘ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி’ என்று நாளையும் நேரத்தையும் முடிவு செய்துவிடுங்கள். எப்போ வருமோ என்று நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தவிப்பு தாத்தாவுக்கு இருக்காது.

கேள்வி வேண்டாம், சேர்ந்து செய்யுங்க

* 2 வயதுக்குள்: ஆச்சி அங்கிருந்து பருப்பு கடையட்டும், நீங்கள் குழந்தையின் உள்ளங்கையில் கடைந்து, கிச்சுகிச்சு மூட்டுங்கள். ஆச்சியின் குரல், உங்கள் விரல். கூட்டணி பிரமாதமாக இருக்கும்.

* 3 முதல் 6 வயது: எதையாவது காட்டச் சொல்லுங்கள். தெருவில் நிற்கும் ஆடு, மாடியில் காயும் வத்தல், வெள்ளை மலை மாதிரி குவிந்திருக்கும் உப்பு. பதிலுக்கு, குழந்தை தன் பொம்மையைக் காட்டட்டும்.

* 7 வயதுக்கு மேல்: ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தோசை சுடலாம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என பல்லாங்குழி வைத்து ஆடலாம். ஆட்டத்தில் அடிபடும் தமிழ் வார்த்தைகள் எந்த ஆன்லைன் வகுப்பிலும் கிடைக்காது.

இந்தக் கதைகளை இப்பவே கேளுங்க

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர்களுக்கே இப்போது 70 தாண்டியிருக்கும். முத்துக்குளிப்பு, பாய்மரத் தோணி, அந்தக் கால உப்பளம், பனிமய மாதா கோயில் திருவிழாக் கடைகள்... தாத்தாவுக்கு எது தெரியுமோ அதைக் கேளுங்கள். வாரம் ஒரு கேள்வி போதும். அவர் சம்மதித்தால் பதிவு செய்து வையுங்கள். நேற்று சொன்னதையே திரும்பச் சொன்னாலும் ‘அதான் சொல்லிட்டீங்களே’ என்று மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மறக்கக் கூடாத ரெண்டு விஷயம்

ஒன்று, வீடியோ கால் பழகிய பெரியவர்களைக் குறிவைத்து, போலீஸ் வேஷத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது என்று ஆச்சிக்குப் புரியவையுங்கள். அப்படி அழைப்பு வந்தால் கட் செய்துவிட்டு, உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

இரண்டு, 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் பல இடங்களில் கரன்ட் இல்லை, டவர் இல்லை. ஊரில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்களோ என்று வெளியூர்ப் பிள்ளைகள் பதறிப்போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர் என ரெண்டு பேரின் நம்பராவது உங்கள் போனில் இருக்கட்டும். ஆச்சி வீட்டில் ஒரு பவர் பேங்க்கும் இருக்கட்டும்.

இன்று இரவே ஒரு கால் போடுங்கள். ‘சாப்டியா கண்ணு?’ என்று ஆச்சி கேட்டால், ‘ம்’ சொல்லி நிறுத்தாமல் தட்டைத் திருப்பிக் காட்டுங்கள். ‘இது என்ன கொழம்பு, இப்படி வெள்ளையா இருக்கு?’ என்று ஆச்சியே ஆரம்பித்துவிடுவார்.